முதலில் புல்லி, அடுத்து ஊசி, கருங்கல் கடைசியில்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்கான பழி முழுவதையும் என் பழைய இசைத்தட்டு இயந்திரம் லெங்கோவின் மேல் போடுகிறேன். அந்த எல்75 ஒருவழியாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் நலம். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி உன் வழக்குக்கு வருகிறேன்.

உன் இசைத்தட்டு இயந்திரமான தாரென்ஸ் டிடி 160-இல் எல்லாப் பாடகர்களும் தூங்கி வழிகிறார்கள் என்றும், புதிய பெல்ட் மாட்டியும் குறை தீராததால் இயந்திரத்தையே விற்றுவிடலாம் என்றும் எழுதியிருந்தாய். பெல்ட் வழுக்கினால் வேகம் ஏறி இறங்குமே தவிர, எந்தத் தட்டைப் போட்டாலும் இப்படி ஒரே அளவில் குறைந்து நிற்காது. அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் விற்கப்பட்டது என்பதையும், நீ அதை டிரான்ஸ்பார்மர் வைத்து 50 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறாய் என்பதையும் பின்குறிப்பில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறாயே, விடை அங்கேதான் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றும்; மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதைச் சொல்லும் ஹெர்ட்ஸைத் தொடாது. அந்த சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகமோ ஹெர்ட்ஸைப் பொறுத்தது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டிய தட்டு 28 முறைகூடச் சுற்றுவதில்லை; பாடகர் சாதாரண காந்தாரம் பிடித்த இடத்தில் உனக்குச் சட்ஜம் கேட்கிறது. மோட்டார் தண்டில் பெல்ட்டை இழுக்கும் சிறு சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸுக்கான சற்றுப் பருத்த புல்லியைப் போட்டால் அத்தனை பேரும் விழித்துக்கொள்வார்கள். இத்தனை வருடம் சங்கீதம் கேட்ட காதுக்கு இது எட்டவில்லை என்று தெரிந்தால் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார்; அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது உனக்கே தெரியும்.

லெங்கோவுக்கு அதிகம் செலவாகவில்லை. பேரிங்கைத் திறந்தபோது பழைய எண்ணெய் பழுப்புப் பசையாக இறுகிக் கிடந்தது. ஆல்கஹாலில் தோய்த்த துணியால் தண்டையும் புஷ்ஷையும் கறை வராத வரை துடைத்து, புது எண்ணெய் சில சொட்டு விட்டதும், கையால் சுழற்றிவிட்ட பிளாட்டர், அதாவது இசைத்தட்டை வைக்கும் சுழல்மேடை, நிற்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிளாட்டரின் அடிப்பக்கத்தை உரசி ஓட்டும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் விளிம்பு கண்ணாடிபோல் இறுகியிருந்தது; நைசான உப்புத்தாளால் அதன் மினுமினுப்பை எடுத்ததும் வழுக்கல் நின்றது. ஊசியைச் சுமக்கும் கையான ஆர்மைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகள் மட்டும் தொட்டவுடன் பொடிந்து உதிர்ந்தன. இந்த மாதிரியில் அநேகமாக எல்லாவற்றுக்கும் நேரும் கதிதான் அது. மாற்றுக் கட்டைகள் போட்டதும் ஆர்மின் ஆட்டம் அடங்கியது. வேகத்தைச் சரிபார்க்கத்தான் திண்டாட வேண்டியிருந்தது: 50 ஹெர்ட்ஸ் விளக்கின் கீழ் அசையாமல் நிற்க வேண்டிய, வேகம் பார்க்கும் அட்டையின் 180 கோடுகளும் எல்.இ.டி. வெளிச்சத்தில் வெறும் மங்கலாகத் தெரிந்தன. பழைய குண்டு பல்பைத் தேடி எடுத்த பிறகே கோடுகள் நின்றன.

இப்போது உன்மேல் உள்ள கோபத்தைச் சொல்கிறேன். இயந்திரத்தைத் தாங்கும் பெட்டியான பிளின்தைக் கருங்கல்லில் செய்யக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய். ஆனால் ஆர்மின் நுனியில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைப் பற்றி "வாங்கும்போதே இருந்தது, பாடுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். லெங்கோ போன்ற ஐட்லர் இயந்திரத்தில் மோட்டாரின் அதிர்வு சக்கரத்தின் வழியாக நேரே பிளாட்டருக்கு ஏறுவதால், கனமான பிளின்துக்கு அங்கே வேலை உண்டு. உன்னுடையதில் பிளாட்டரும் ஆர்மும் மூன்று சுருள்வில்களின் மேல் தனிச் சட்டத்தில் மிதக்கின்றன. வெளிப்பெட்டியைக் கருங்கல்லாக மாற்றி நீ சாதிக்கப்போவது தூக்க முடியாத ஒரு பெட்டிதான். ஊசி விஷயம் அப்படிப்பட்டதல்ல. மழுங்கிய வைரம் பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும்; செதுக்கியதை எந்தப் பணத்தாலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. உன் அப்பாவின் தட்டுகள் அந்த அலமாரியில் இருக்கின்றன, குமரேசா. எத்தனை மணிநேரம் ஓடியது என்று தெரியாத ஊசியை அவற்றின்மேல் இன்னொரு முறை இறக்காதே.

காசைப் பார்த்தாலும் ஊசிதான் முதலில் வருகிறது. ஆடியோ-டெக்னிகா தன் நீள்வட்ட ஊசிகளுக்குச் சுமார் 300 மணிநேரமும் மைக்ரோலீனியர் ஊசிகளுக்குச் சுமார் 1000 மணிநேரமும் ஆயுள் சொல்கிறது. விலையை மணிநேரத்தால் வகுத்துப் பார், விலை கூடியது அவ்வளவு கூடியதாகத் தோன்றாது. அதன் விஎம்95 கார்ட்ரிட்ஜ் வரிசையில் உடல் ஒன்றே, ஊசி மட்டுமே மாறும் என்பதால், இப்போது எளிய ஊசியோடு வாங்கிவிட்டு, கை தாராளமாகும்போது நல்ல ஊசியைச் செருகிக்கொள்ளலாம். ஊசி தட்டின்மேல் தரும் அழுத்தத்தை 2 கிராமுக்கு வை. கண்மதிப்பில் வைக்காமல் சிறு தராசு ஒன்றை வாங்கிக்கொள்.

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம். லெங்கோவின் சுவிட்சுக்குக் குறுக்கே இருந்த பழைய கெபாசிட்டர் உப்பி வெடித்திருந்தது. வீட்டு மின்சாரத்துக்குக் குறுக்கே இணைப்பதற்கென்றே செய்யப்படும் எக்ஸ்2 வகையைத்தான் அதன் இடத்தில் போட்டேன். உன் இயந்திரத்துக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் என்பதால், புல்லிக்காகத் திறக்கும்போது அதையும் பார்த்துவிடு. சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடாதே, பிளக்கைப் பிடுங்கி உன் கண்ணெதிரே வைத்துக்கொள். நீ எதையும் பாதியில் மறப்பவன் என்பதற்கு நம் விடுதி அறையின் மேசை விசிறியே சாட்சி.

விற்பனைப் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வை. ஆர்மின் மாதிரி எண், கார்ட்ரிட்ஜின் மேல் பொறித்த பெயர் இரண்டையும் பார்த்து எழுது. எது பொருந்தும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். கருங்கல்லுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாயா என்பதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
பாலு