ஆண்டறிக்கை: படிப்பகத்து நெட்டு ஏன் படுத்துச்சு

தலைவர், பொருளாளர், மழையிலயும் வந்திருக்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை நீளம்னு சொன்னீங்க, அதனால கோலப்போட்டி, வாய்க்கா தூர்வாரினது, வரவு செலவு எல்லாம் பொருளாளர் படிப்பாரு, நான் படிப்பக நெட்டு விஷயத்த மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுறேன்.

சித்திரைலேர்ந்து நம்ம ஆறு கம்ப்யூட்டர்ல ரெண்டு ஓடும் நாலு ஓடாது, மறுநா பாத்தா ஆளு மாறியிருக்கும். சிட்டா அடங்கல் எடுக்க வந்தவங்க எல்லாம் திட்டிட்டு போனாங்க. நான் கம்பெனிக்காரங்களோட போன்ல சண்ட போட்டு, தீர்மானம் போட்டு பெரிய பிளானுக்கும் மாறியாச்சு, அப்பயும் அதே கததான். டெலிபோன் லைன்மேனா இருந்து ரிட்டயரான நம்ம உறுப்பினர்தான் கேட்டாரு, "ஏன் சார், கடமடைக்கு தண்ணி வரலன்னா எடுத்தவொடனே மேட்டூரயா திட்டுவீங்க, நம்ம வாய்க்கால காட்டாமணக்கு மண்டியிருக்கான்னு பாக்க வேணாமா?"

கறுப்பு விண்டோ ஒண்ண தொறந்து மிஷினோட நெட்வொர்க் விவரத்த காட்டுற ஐபிகான்ஃபிக்ங்கிற கமாண்ட அடிச்சாரு. ஓடுற மிஷினுக்கு 192.168.1-ன்னு ஆரம்பிக்கிற நம்பரு, ஓடாததுக்கு 192.168.0. நெட்வொர்க்ல ஒவ்வொரு மிஷினுக்கும் கதவு நம்பர் மாதிரி ஒரு ஐபி அட்ரஸ் வேணும், அத கேட்டவங்களுக்கு பிரிச்சு கொடுக்கிறதுக்கு பேரு டிஹெச்சிபி, ரவுட்டர் பாக்கிற வேல. நம்ம ரூம்ல ரவுட்டர் ரெண்டு. பழசுல வெளி லைனே கிடையாது, ஆனாலும் அதுவும் நம்பர் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கு, எது முந்திக்கிட்டு பதில் சொல்லுதோ மிஷின் அது பின்னாடி போயிடும். ஒயர் சொருகுற போர்ட் பத்தலன்னு அந்த பழச சொருகி வச்சது யாருன்னு கூட்டத்துல கேட்டாங்க. நான்தான். அதுல டிஹெச்சிபிய ஆஃப் பண்ணதும் ஆறும் ஓடுது.

இதுக்கப்புறம் ஆடி மாசம் நாலு ஞாயிறு வகுப்பு வச்சோம். கல்லணைல தண்ணி காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்னு பிரியுற மாதிரிதான் ரவுட்டர்னு நான் ஆரம்பிச்சேன், லைன்மேன் ஒத்துக்கல. தண்ணிக்கு எங்க போறோம்னு தெரியாது, நெட்டுல தகவல் துண்டு துண்டா போவும்ல, அந்த பாக்கெட்டு விலாசத்த தலைலயே எழுதிக்கிட்டு போவும்னாரு. டிபிசிலேர்ந்து, அதான் நெல் கொள்முதல் நிலையத்துலேர்ந்து, குடோனுக்கு நெல்லு மூட்ட போறமாரி நெனச்சுக்கங்க, ஒவ்வொண்ணும் வேற வேற லாரில கூட போவலாம், அங்க நம்பர் பாத்து வரிசையா அடுக்குவாங்க, ஒண்ணு கொறஞ்சா திரும்ப அனுப்பணும், அதான் டிசிபின்னாரு. சரியாத்தான் இருந்துச்சு. 8.8.8.8-ங்கிற கூகுள் சர்வருக்கு பிங் (பதில் வருதான்னு பாக்குற சோதனை) போவுது, ஆனா பேர் அடிச்சா சைட் தொறக்கலன்னா பேர நம்பரா மாத்துற டிஎன்எஸ்ல சந்தேகப்படுங்கன்னு சொன்னது இப்ப பத்தாவது பசங்களுக்கே அத்துப்படி.

நெட்டு ஒயர் முனைல பிளக் மாட்டி அழுத்துறது, அதான் கிரிம்ப் பண்றதுல, ஆம்பளைங்க யாரும் தேறல. எட்டு ஒயர், ஆரஞ்சு வெள்ள, ஆரஞ்சு, பச்ச வெள்ள, நீலம், நீல வெள்ள, பச்ச, பழுப்பு வெள்ள, பழுப்புன்னு வரிசை மாறாம ஒரே மட்டமா சொருகணும். மகளிர் குழுவுல பூ கட்டுற கை, மொதோ தடவையே லைட் எரிஞ்சுச்சு.

பாக்கி ஒண்ணு இருக்கு. கோயில் மண்டபத்துக்கும் லைன் கேட்டிருக்கீங்க, இந்த செம்பு ஒயர் 100 மீட்டர் வரைக்கும்தான் கணக்கு, மண்டபம் அதத்தாண்டி இருக்கு, நடுவுல ஒரு ஸ்விட்ச் (கரண்டு ஸ்விட்ச் இல்ல, நெட்டு ஒயருங்கள இணைக்கிற பெட்டி) வைக்க யாராவது திண்ணையும் கரண்டும் கொடுக்கணும். அப்புறம், பெரிய பிளானுக்கு கூட கட்டின காசு கணக்குல "இதர செலவு"ன்னு வரும், பொருளாளர் அத கொஞ்சம் வேகமா படிச்சிட்டா நல்லாருக்கும்.