தலை ஆடிக்குத் தேங்காய் சுடுவது

சேலம்,
ஆனி 20

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு இது தலை ஆடி, மாப்பிள்ளையும் ஆடி 1-க்குப் புனே வந்துவிடுவார் என்று படித்ததும் மனசு நிறைந்துபோச்சு. இங்கே மாம்பழ சீசன் ஓய்ந்துகொண்டிருக்கிறது. கடைவீதியில் இன்னும் பத்து நாளில் அழிஞ்சிக் குச்சிக் கட்டுகள் வந்து இறங்கிவிடும். அடுக்குமாடி வீட்டில் ஆடி 1 நோன்புக்குத் தேங்காய் சுட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். தாராளமாகச் சுடலாம். விறகுதான் வேண்டுமென்பதில்லை, தணல் இருந்தால் போதும்.

எல்லோரும் காய்க்குள் அடைக்கிற பூரணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், எள் போடலாமா, அவல் போடலாமா என்று. அது வீட்டுக்கு வீடு மாறும், எதைப் போட்டாலும் தின்ன நன்றாகத்தான் இருக்கும். நோன்புத் தேங்காய் கெட்டுப்போவது மூன்று இடத்தில்: காயைத் தேர்ந்தெடுப்பதில், உள்ளே திரும்ப ஊற்றும் தண்ணீரில், தணலின் தூரத்தில். அதனால் அவற்றையே விரிவாக எழுதுகிறேன்.

காய் நடுத்தரமாக, கனமாக இருக்கட்டும். காதருகே வைத்து ஆட்டினால் தண்ணீர் தளும்புகிற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் ஒன்று இளசு, இல்லையென்றால் வற்றினது. இளங்காயில் ஓடு மெல்லிசு, தேங்காய்ப் பருப்பு சூட்டில் குழைந்துவிடும். கொப்பரைப் பதத்துக்குப் போன காயிலோ பருப்பு தோல் மாதிரி இழுக்கும், எண்ணெய் கக்கிப் பூரணத்தில் சிக்கு வாடை ஏறும். கண் ஈரமாகவோ பூஞ்சையாகவோ இருந்தால் தொடவே தொடாதே. ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டாலும் இரண்டு கூடுதலாக வாங்கி வை. கண்ணைத் திறந்து தண்ணீரை ருசி பார்த்த பிறகுதான் காய் நல்லதா என்பது உறுதியாகும்.

குடுமியோடுதான் வாங்க வேண்டும். முதல் நாளே குடுமியைப் பிய்த்து நாரைச் சுரண்டி வைத்தால் கண் வழியாகக் காற்றுப் பட்டுக் காய் புளிக்கும், காய்ந்த காற்றில் ஓடு விரிசலும் விடும். நோன்பன்று காலையில் செய். நாரைக் கத்தியால் சுரண்டிவிட்டு, சொரசொரப்பான சிமென்ட் தரையிலோ கல்லிலோ தேய்த்து ஓட்டை மொழுமொழுவென்று ஆக்க வேண்டும். உங்கள் வீட்டில் எல்லாம் டைல்ஸ் தரை என்று தெரியும், அதற்கு உப்புத்தாள் வாங்கிக்கொள். இது அழகுக்காக மட்டும் செய்கிற வேலை என்று விட்டுவிடாதே. ஒரு பக்கம் நார் மிச்சமிருந்தால் அங்கே மட்டும் தீ பற்றிக்கொண்டு ஓடு முன்னாலேயே வெடித்துவிடும். உள்ளே பூரணம் வேகாது, பாகெல்லாம் அடுப்பில் ஒழுகிப்போகும்.

மூன்று கண்ணில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும், முளை வெளிவருகிற கண் அது. அதை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் குத்தி, சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு அகலப்படுத்து. மற்ற இரண்டையும் தொடாதே. தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்து வைத்துக்கொள்.

ஒரு நடுத்தரக் காய்க்கு என் அளவு இது: பொட்டுக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, கெட்டி அவல் இரண்டு, வறுத்து அரைமணி ஊறவைத்து வடித்த பாசிப்பருப்பு ஒன்று, வறுத்த எள் ஒன்று, பொடித்த வெல்லம் மூன்று, ஒரு ஏலக்காய். பச்சரிசி போடுவதுதான் உன் மாமியார் வழக்கமென்றால் அவலை ஒரு கரண்டி குறைத்துவிட்டு, ஒரு கரண்டி அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நொய்யாக உடைத்துப் போடு. முழு அரிசி அந்த நேரத்துக்குள் வேகாது, பல்லில் கல்லாக அகப்படும். எள் இரண்டு மூன்று படபடவென்று வெடித்ததுமே இறக்கிவிடு. அதற்கு மேல் வறுத்தால் கசக்கும், அந்தக் கசப்பை எத்தனை வெல்லம் போட்டாலும் மறைக்க முடியாது.

வெல்லம் நன்றாகப் பொடிந்திருக்க வேண்டும், கட்டி கண்ணை அடைத்துக்கொள்ளும். மஞ்சள் பளபளப்பாக இருப்பதை வாங்காதே. நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டு வெளுத்த வெல்லம் கண்ணுக்குத்தான் நன்றாக இருக்கும். அடர்ந்த பழுப்பு நிறமாக, கையில் லேசாகப் பிசுபிசுப்பதுதான் நல்லது. நம் ஓமலூர்ப் பக்கத்து வெல்லத்தையே செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி உனக்கு அனுப்புகிறேன்.

வாழையிலைத் துண்டைப் புனல் மாதிரி சுருட்டிக் கண்ணில் செருகி, கலவையை உள்ளே தள்ளு. முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதே, அவலும் பருப்பும் ஊதும். இப்போதுதான் தண்ணீர். வடித்ததில் நாலு மேசைக்கரண்டி போதும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் திரும்ப ஊற்றினால் உள்ளே கூழ்தான் இருக்கும், ஆவியும் அதிகமாகி ஓடு பாதியிலேயே பிளக்கும். ஊற்றாமலே விட்டால் வெல்லம் ஓரத்தில் தீய்ந்து கசக்கும், பருப்பு நறுக்கு நறுக்கென்று நிற்கும். மிச்சத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடு.

குச்சிக்கு அழிஞ்சியைத்தான் நம் பக்கம் தேடிப்போவார்கள். உரம், நேராக வளரும், பச்சையாக இருக்கும்போது சீக்கிரம் தீப்பிடிக்காது. இரண்டரை அடி நீளம், கட்டைவிரல் பருமன், முனை பென்சில் மாதிரி கூராக இருக்கட்டும். முனை காயின் பாதி ஆழம் வரைக்கும் போய் இறுக நிற்க வேண்டும். லொடலொடவென்று இருந்தால் குச்சியைத் திருப்பும்போது காய் திரும்பாது, ஒரே பக்கம்தான் சுடும். அதற்காக மாவுப் பசை வைத்து அடைத்துவிடாதே! ஆவி போக அந்த இடுக்குதான் வழி. குச்சி கிடைக்காதவர்களுக்குச் சொல்வதானால் மாங்குச்சி பரவாயில்லை. முழு மூங்கில் வேண்டாம், கணு வெடிக்கும். அரளிக் குச்சியை யாராவது நீட்டினால் கையிலேயே வாங்காதே, விஷம். உங்கள் வளாகத்தில் அழகுக்கு அரளி நட்டிருப்பார்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஓட்டின் மேல் மஞ்சளை நன்றாகப் பூசிக்கொள். மொட்டைமாடியில் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் பற்றவைத்து, புகை அடங்கித் தணல் சிவந்து மேலே சாம்பல் பூக்கும்வரை காத்திரு. கொழுந்துவிட்டு எரியும்போது காட்டினால் ஓடு மட்டும் கருகும். முதல் பத்து நிமிஷம் தணலுக்கு ஒரு சாண் மேலே பிடித்து நிதானமாகத் திருப்பு. ஓடு சூடேறிக் கறுத்ததும் நாலு விரல் உயரத்துக்கு இறக்கலாம். குச்சி ஓரத்தில் உஸ்ஸென்று நுரை தள்ளும், அது நல்ல அடையாளம், உள்ளே பாகு கொதிக்கிறது. அப்புறம் ஒரு 'டப்', மெல்லிய கோடாக விரிசல் ஓடும். அதிலிருந்து இரண்டே நிமிஷம்தான். மொத்தம் அரைமணிக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். மாப்பிள்ளை முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் பார்த்துக்கொள், தெறித்தால் பாகு சூடு பொல்லாதது. சின்னப் பிள்ளைகள் பிடிக்கும்போது பின்னால் ஒரு பெரியவர் கை இருக்கட்டும்.

மழை பிடித்துக்கொண்டால், ஜூலையில் புனேயில் பிடிக்கத்தான் செய்யும், கேஸ் அடுப்பில் கம்பி வலை வைத்துச் சிறு தீயில் செய். வாட்டும்போதே திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். விரிசல் விட்டதும் உடனே தட்டுக்கு மாற்றிவிடு, இல்லையென்றால் பாகு பர்னரில் இறங்கிக் கெட்டியாகும். ருசி எட்டு அணா குறையும், புகை வாசம் வராது. இருந்தாலும் நோன்பு தவறாது. ஓவன் வேண்டவே வேண்டாம். சூடு எல்லாப் பக்கமும் ஒரேயடியாக ஏறி உள்ளேயே வெடித்தால் சுத்தம் செய்து முடியாது.

பத்து நிமிஷம் ஆறவிட்டுத் துடைத்து, பிள்ளையாருக்கு வைத்துக் கும்பிட்டபின் விளிம்புள்ள தாம்பாளத்தில் வைத்து, விரிசல் மேல் கத்தியின் முதுகால் தட்டு. ஓடு தானாகக் கழன்று வரும். பருப்பைக் கீற்றாக நறுக்கிப் பூரணத்தோடு கொடு. மாலைக்குள் தின்று முடித்துவிட வேண்டும், ராத்திரிக்கு வைத்தால் புளித்துவிடும்.

மாப்பிள்ளை திருநெல்வேலிக்காரர், அவருக்கு இது புதுசு. ஏன் சுடுகிறோம் என்று கேட்டால், பாரதப் போர் ஆடி 1-இல் தொடங்கி 18-இல் முடிந்ததாகவும், போர் தொடங்கும் முன் தர்மம் வெல்ல வேண்டுமென்று வேண்டிக்கொண்ட நாள் இது என்றும் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கம் பெரியவர்கள் சொல்வதைச் சொல்லு.

மதியத்துக்குப் பாயசம் கேட்டிருந்தாய். நம் ஊர் ஜவ்வரிசியே இருக்கும்போது சேமியா எதற்கு? கண்ணாடி மாதிரி இருக்கிற நைலான் ஜவ்வரிசி வாங்கு. வெள்ளையாக இருக்கிற மாவு ஜவ்வரிசி வடகத்துக்கு நல்லது, பாயசத்தில் கரைந்து கஞ்சியாகிவிடும். நூறு கிராமை நெய்யில் வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை வேகவிடு. நூற்றைம்பது கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து ஒரு கொதி. அடுப்பை அணைத்து, நன்றாக ஆறினபின் காய்ச்சி ஆறின பால் ஊற்று. சூட்டில் ஊற்றினால் திரிந்துவிடும்.

ஆடி 18-க்குக் கலந்த சாதம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்தபிறகு கலக்கு. எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்தபின் ஊற்று, தயிர்சாதத்தில் பாலை அதிகமாகவும் தயிரை ஒரு கரண்டியாகவும் வை, மதியம் வரை புளிக்காது.

அடுத்த வாரம் பார்சலில் அழிஞ்சிக் குச்சி ஆறும் வெல்லம் இரண்டு கிலோவும் நைலான் ஜவ்வரிசி ஒரு கிலோவும் வரும். குச்சியைப் பட்டை சீவாமல்தான் அனுப்புகிறேன், வழியில் காயாமல் இருக்கும். வந்ததும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்துவிட்டு, நோன்பன்று காலையில் பட்டை சீவிக் கூராக்கிக்கொள்.

அன்புடன்,
ராஜி