மலைப்பாதையைக் கெடுப்பது சக்கரமா, தண்ணீரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நடைபாதைகளை நாசம் செய்கிறார்கள், அவர்களை அடியோடு தடுக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். வார இறுதியில் மவுண்டன் பைக் ஓட்டுகிறவள் நான். அதே பாதைகளைச் செப்பனிடும் தன்னார்வலர்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடிக்கிறவளும்கூட. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் குற்றவாளியை விட்டுவிட்டார்.

அது தண்ணீர். மேட்டிலிருந்து நேர்க்கீழாக இறங்கும் பாதையில் ஒரு சைக்கிள்கூடப் போகாவிட்டாலும், நாளடைவில் அது மழைநீர் ஓடும் வாய்க்காலாகிவிடும். மண் கரைந்துபோய் வேரும் கல்லும் துருத்திக்கொண்டு நிற்கும். நடக்கிறவரும் ஓட்டுகிறவரும் ஓரமாக ஒதுங்கிப் போகப் போக, ஒற்றையடிப் பாதை மூன்று பேர் கைகோத்து நடக்கும் அளவுக்கு அகன்றுவிடும். அமெரிக்காவின் மான்டானா மலைப்பாதைகளில் நடத்தி 1994ல் வெளியான ஓர் ஆய்வில், ஈரமான பாதைகளில் சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தது தெரியவந்தது. இதைக் காட்டிச் சைக்கிள்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். பின் பிரேக்கை இறுக்கி, சக்கரம் சுழலாமல் தரையைக் கீறிக்கொண்டே வளைவில் இறங்கும் சூரர்கள் எங்களில் உண்டு. அவர்கள் கிழித்துவைத்த கோட்டில்தான் அடுத்த மழை இறங்குகிறது.

போன சனிக்கிழமை நாங்கள் செய்த வேலையைச் சொல்கிறேன். மலைச்சரிவின் குறுக்கே போகும் பாதையில் நடுப்பகுதி அழுந்தி அழுந்திப் பள்ளமாகும். வெளியோரத்தில் மண் ஒதுங்கி, இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒரு வரப்பு எழும்பிவிடும். பார்த்தால் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஆனால் பள்ளத்தாக்குப் பக்கம் வழிந்திருக்க வேண்டிய தண்ணீரை அதுதான் மறித்துப் பாதையோடு ஓடவிடுகிறது. அந்த வரப்பைச் சீவி எடுத்து, தளம் வெளிப்பக்கமாக ஐந்து சதவீதம், அதாவது நூறு அங்குல அகலத்துக்கு ஐந்து அங்குலம் தாழ்ந்து, சாய்ந்திருக்கும்படி சரிசெய்தோம். எங்கள் குழுவை நடத்தும் பெரியவர் ஒரு பாட்டில் தண்ணீரைப் பாதை நடுவில் ஊற்றிப் பார்ப்பார். அது குறுக்கே போகாமல் பாதையோடு நகர்ந்தால், "தண்ணி ஒத்துக்கல, இன்னும் கொஞ்சம் சீவுங்க" என்பார். முதுகு வலியைத் தண்ணீரிடம் சொல்லி ஆவதென்ன, மறுபடி சீவினோம்.

புதிதாக வெட்டும் பாதைக்கும் கணக்கு உண்டு. மலையின் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்குமேல் பாதை ஏறக் கூடாது. சரிவு பதினாறு சதவீதம் என்றால் பாதை எட்டைத் தாண்டினாலே தண்ணீர் அதன் வழியே ஓடத் தொடங்கும். முழுப் பாதைக்குமான சராசரி ஏற்றம் பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. வழியில் ஆங்காங்கே சிறு இறக்கமும் ஏற்றமும் வைத்தால் தண்ணீர் அங்கே வெளியேறிவிடும். சருகும் மட்கும் கலந்த மேல்மண்ணை நீக்கி, அடியில் உள்ள கெட்டி மண்ணில்தான் தளம் போட வேண்டும். வெட்டிய மண்ணை வெளியோரத்தில் கொட்டி அதன்மேலேயே பாதை போட்டால், சில மழையில் அது சரிந்துவிடும். காட்டுக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி வாங்காமல், சைக்கிளோடு எகிறிக் குதிக்க இரவோடு இரவாகக் குதிமேடு கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

என் வருத்தம் வேறு. மவுண்டன் பைக் பந்தயம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இடம்பிடித்துவிட்டது. அதை ரசிக்க ஆள் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை கடப்பாரை தூக்க விரல்விட்டு எண்ணும் ஆட்கள்தான். ஞாயிறு காலையில் பார்த்தால், செப்பனிட்ட பாதையில் ஓட்ட வரிசை நிற்கிறது. அதிலும் ஒருவர், வளைவில் மண் இன்னும் இறுகவில்லை என்று எங்களிடமே குறைபட்டுக்கொண்டார்! மண்வெட்டியை நீட்டினேன். சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டார்.

தடை வந்தால் முதலில் நிற்கப்போவது ஓட்டம் மட்டுமல்ல, இந்தப் பராமரிப்பும்தான். ஓட்டுகிறவர்கள்தான் கூலியில்லாமல் பாதையைக் காக்க வருகிறவர்களில் பெரும்பாலோர். பாதை முழுவதையும் மூடுவதற்குப் பதில், மழை விட்டு மண் காயும்வரை மூடினால் போதும். டயர் தடம் ஆழமாகப் பதிகிறதென்றால் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். பந்தயம் நடத்துகிறவர்கள், பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும் ஒருநாள் பாதை வேலைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை போடலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பக்கத்தில் பந்தய அறிவிப்பு வரும்போது, அந்தப் பாதையைச் செப்பனிடும் நாள் எது, கையுறையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். கடிதம் எழுதிய அந்த வாசகரும் வரட்டும். அவருக்கு ஒரு மண்வெட்டி எடுத்துவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி