கடலைக் கழுவிவிட்டு உள்ளே வா

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாயிருக்க முருகன் துணை.

நீ அனுப்பிய குளியலறைப் படங்களை அம்மா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். மூன்று நாளாக அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் பாதி சொல்வேன், பாதி மறப்பேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ படித்த எழுத்து உன்னை விட்டுப் போயிருக்காது என்று நம்புகிறேன். சிரமமாயிருந்தால் சத்தமாகப் படி, புரிந்துவிடும்.

நீலமும் வெள்ளையும் என்று நீ முடிவு செய்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். கேப் டவுன் பக்கம் புளூபெர்க்ஸ்ட்ராண்டில் வீடு வாங்கியவள் வேறு என்ன நிறம் வைப்பாள்? ஆப்பிரிக்கான்ஸில் அந்தப் பெயரே நீலமலைக் கரை என்றுதானே பொருள். ஆனால் நான்கு சுவரும் கருநீலம், பளபளக்கும் வெள்ளைத் தரை, கயிறு சுற்றிய கண்ணாடி, சிப்பி ஒட்டிய அலமாரி, சுவரில் கப்பல் சக்கரம் என்று நீ போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தபோது எனக்கு உன் ஆயா, என்னைப் பெற்றவள், ஞாபகம் வந்துவிட்டது.

இதே டர்பனில், பிளஃப் பக்கம் ஃபின்லாண்ட்ஸில், துறைமுக வளைகுடாவின் கரையில், மரமும் தகரமுமாக இருந்தது எங்கள் வீடு. தாத்தா கரைவலை இழுத்தவர். மத்தி மீன் கரையோரமாக வரும் ஜூன், ஜூலை மாதங்களில் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. வாசலுக்கு முன்னால் ஒரு குழாய், அதன் பக்கத்தில் தகரம் அடைத்த ஒரு மறைப்பு. கடலிலிருந்து வந்தவர் யாராயிருந்தாலும் அங்கே கால், கை, தலை எல்லாம் கழுவிவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும். "கடலைக் கழுவிட்டு உள்ள வா" என்பாள் ஆயா. தாத்தாவுக்கும் அதே சட்டம்தான். உப்பு உள்ளே வந்தால் பாய் பிசுபிசுக்கும், ஆணி துருப்பிடிக்கும், குழந்தைகளுக்கு அரிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மறைப்புக்கும் நீலம்தான், வெள்ளைதான். வெளித் தகரத்துக்குப் படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட். உள்ளே சுண்ணாம்பு, அதில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்து அடிப்பாள். நீலம் சேர்த்தால்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் என்பாள். இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் எங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது எனக்குப் பத்து வயது. கடல் போய்விட்டது, வலை போய்விட்டது. ஆயா மட்டும் இங்கேயும் வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அதனால் நான் முதலில் கேட்பது இதுதான், கண்ணு. குளியலறைக்கு முன்னால், வீட்டின் பின்வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் போடு. சின்னவன் கடற்கரையிலிருந்து ஓடிவந்தால் மணலை அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். கோடையில் அங்கே அடிக்கும் தென்கிழக்குக் காற்றுக்கு மணல் எப்படியும் வரும். அது ஷவருக்குள் போனால் வடிகாலும் அடைக்கும், தரையையும் தேய்க்கும். கடல் ஓரத்து வீட்டில் குளியலறை என்பது கடலைக் கொண்டுவந்து வைக்கிற இடம் அல்ல, அதைக் கழுவி இறக்கிவைக்கிற இடம். கயிறும் சிப்பியும் இதனால்தான் வேண்டாம் என்கிறேன். கயிறு ஈரத்தைக் குடித்துவிட்டு விடாது. ஒரு மழைக்காலம் போனால் கறுப்புப் பூஞ்சை பிடித்து நாறும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. உன் குளியலறை ஜன்னல் டேபிள் மவுண்டனைப் பார்த்துத் தெற்கே இருக்கிறது. அழகான காட்சிதான், ஆனால் அந்த ஜன்னலில் நேர் வெயில் அநேகமாக விழாது, வருவதெல்லாம் குளிர்ந்த வெளிச்சம். நீ பார்த்த படங்கள் வெயில் கொட்டும் அறைகளில் எடுத்தவை. அதே கருநீலம் உன் அறையில் சாம்பல் கலந்த கறுப்பாகத் தெரியும், காலை ஏழு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். ஒரே ஒரு சுவரை நீலமாக்கு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை. வெளிச்சம் அதன் முகத்தில் நேராக விழும். ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் பளபளப்பு டைல் வேண்டாம். பக்கவாட்டில் வரும் வெளிச்சம் ஒவ்வொரு டைலின் ஏற்ற இறக்கத்தையும் காட்டிக்கொடுத்துவிடும், எவ்வளவு நல்ல கொத்தனார் பதித்தாலும். மற்ற சுவர்களுக்கு வெள்ளை போதும், அதுவும் சுத்த வெள்ளை இல்லாமல், பாலில் ஒரு துளி மஞ்சள் விழுந்த மாதிரியான வெள்ளை. ஆயாவின் வைத்தியத்துக்கு இது நேர் எதிர். அவள் மறைப்பில் வெயில் இருந்தது, உன் அறையில் இல்லை.

எந்த நீலம் என்று கேட்டிருந்தாய். டைலை வீட்டுக்கு எடுத்து வந்து, அந்தச் சுவரில் சாய்த்துவைத்து, காலையிலும் சாயங்காலமும் பார். நனைத்தும் பார். கோபால்ட் போட்டுச் சூளையில் சுட்ட நீலமாயிருந்தால் ஆயுசுக்கும் மங்காது. 1697-இல் ஊஸ்டர்லாந்து என்ற டச்சுக் கப்பல் கிழக்கிலிருந்து திரும்பும் வழியில் உங்கள் டேபிள் பே வளைகுடாவில்தான் உடைந்து மூழ்கியது. முந்நூறு வருஷம் கழித்து முக்குளிப்பவர்கள் இறங்கி எடுத்த பொருள்களில் சீனப் பீங்கானும் இருந்தது. நீலமும் வெள்ளையும் உன் வீட்டு எதிர்க் கடலுக்குள் அத்தனை காலம் கிடந்திருக்கிறது. கப்பல் சக்கரத்தை மாட்டுவதைவிட இந்தக் கதையைச் சின்னவனுக்குச் சொல், அவன் அந்தச் சுவரைப் பார்க்கிற பார்வையே மாறும்.

தரைக்குப் பளபளப்பு வேண்டவே வேண்டாம். ஈரத்தில் சோப்பும் சேர்ந்தால் சின்னவன் விழுவான், நாளை அம்மா வந்தால் அவளும் விழுவாள். வெறுங்காலுக்கான வழுக்குத் தரத்தை ஏ, பி, சி என்று பிரித்திருப்பார்கள். ஷவருக்குள் பி அல்லது சி கேள். ஐந்து சென்டிமீட்டர் சதுரமான பளபளப்பில்லாத சின்ன மேட் டைல் போட்டால் இடையே கோடுகள் நிறைய வரும், கால் பிடித்து நிற்கும். தண்ணீர் வடிகாலுக்கு ஓட வாட்டம் கொடுக்கவும் சின்ன டைல்தான் வசதி. டைல் இடுக்கில் நிரப்புகிற கிரவுட் தரையில் வெள்ளையாயிருந்தால் ஆறு மாதம் தாங்காது, வெளிர் சாம்பல் போடு. ஷவருக்குள் எபாக்ஸி என்ற பிசினால் ஆன கிரவுட். விலை அதிகம், பூசுகிறவனுக்குப் பொறுமையும் வேண்டும். ஆனால் அழுக்கும் தண்ணீரும் அதற்குள் ஏறாது.

இனி நான் சொல்வதைத்தான் நீ படங்களில் பார்க்க முடியாது. தயவுசெய்து இரண்டு தடவை படி.

டைல் தண்ணீரைத் தடுப்பதில்லை. பீங்கான் டைல் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, உண்மைதான். ஆனால் சாதாரண சிமென்ட் கிரவுட் குடிக்கும். தண்ணீரைத் தடுப்பது டைலுக்குப் பின்னால் பூசுகிற வாட்டர்ப்ரூஃப் பூச்சு. ஷவர் சுவரில் தலைக்கு மேல்வரை, தரை முழுவதும், இரண்டு கை. மூலைகளிலும் குழாய் வெளியே வரும் இடங்களிலும் நாடா ஒட்டி அதன்மேல் பூச வேண்டும், வெடிப்பு முதலில் அங்கேதான் வரும். காய்ந்த பிறகு வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடச் சொல். மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டுவை. இறங்கியிருந்தால் டைல் பதிக்க விடாதே. வேலையாள் முகம் சுளிப்பார், அவசரம் என்பார். நீ அசையாதே.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு தடவை அசைந்தேன். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு மாடி வீட்டில் தீபாவளிக்குள் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவது பூச்சு காயுமுன்னே டைல் பதித்தேன். பார்க்க அவ்வளவு அழகாயிருந்தது. நான்கு மாதத்தில் கீழ்வீட்டு மேற்கூரை ஊறி விழுந்தது. அத்தனையும் உடைத்து என் கைக்காசில் திரும்பப் போட்டேன். அந்த வருஷம் நீ கேட்ட சைக்கிளை வாங்கித் தர முடியாமல் போனது அதனால்தான். உனக்கு அப்போது காரணம் சொல்லவில்லை.

வாட்டம் மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும். குழாய், கைப்பிடி எல்லாம் உப்புக்காற்றைத் தாங்க வேண்டும். உம்லாங்காவில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிகள் போட்டார்கள், வருஷம் திரும்புவதற்குள் டீ சிந்தியது போலப் பழுப்புக் கறை. கடலோரத்துக்கு 316 கேள், அதில் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள், உப்பு சுலபமாகக் கடிக்காது. குழாய்களைக் கையில் தூக்கிப் பார், கனமான பித்தளையாயிருக்க வேண்டும். காற்று இழுக்கும் மின்விசிறி கட்டாயம். அங்கே மணலுக்குப் பயந்து ஜன்னலை மூடித்தான் வைப்பாய், பிறகு ஈரம் எங்கே போகும்?

அப்புறம் வாளி. உன் படத்தில் வாளி வைக்க இடமே இல்லை. ஷவருக்குக் கீழே இடுப்பளவில் ஒரு தனிக் குழாய் போடு. 2018-இல் கேப் டவுன் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்தபோது நீ வாடகை வீட்டில் என்ன பாடுபட்டாய் என்று தெரியும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஊற்றும் ஷவரில் ஐந்து நிமிடம் நின்றால் அன்றைய கணக்கு முடிந்தது. ஒரு வாளியில் இருபது லிட்டருக்குள் தலைக்கே குளித்துவிடலாம். அம்மாவுக்கும் வாளியும் சொம்பும் இருந்தால்தான் குளித்த மாதிரி இருக்கும். அவளுக்காக ஷவருக்குள் ஒரு கல் திட்டு, உட்கார்கிற உயரத்தில். கைப்பிடியை இப்போதே மாட்டாவிட்டாலும் சுவருக்குள் அதற்கான பலத்தை இப்போதே வைத்துவிடு.

டைல் பெட்டிகளில் நிற எண் ஒன்றாயிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பத்து சதவீதம் கூடுதலாக எடு. பதிக்கும்போது மூன்று நான்கு பெட்டியிலிருந்து கலந்து எடுக்கச் சொல், நீலத்தில் பெட்டிக்குப் பெட்டி சாயல் வேறுபடும்.

சோப்பு வைக்க நீலச் சுவரில் ஒரு மாடம் கேட்டிருந்தாயே, அதன் அளவை டைலுக்குப் பொருத்தமாக எடு. பத்து சென்டிமீட்டர் டைலானால் முப்பது அகலம், நாற்பது உயரம், நடுவில் விடும் கோடுகளையும் சேர்த்துக்கொள். வெட்டுத்துண்டு வராது. பின்பக்கத்துக்குப் பன்னிரண்டு டைல்.

அந்தப் பன்னிரண்டை எனக்கு விடு. முழங்கால் இப்போது தரைவேலைக்கு ஒத்துழைப்பதில்லை, ஆனால் நின்றபடி மாடத்துக்குப் பதிக்கக் கைக்கு இன்னும் தெரியும். ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் புறப்படுகிறோம். பூச்சும் சுவர் டைலும் அதற்குள் முடியட்டும். மாடத்தின் அடிப்பலகை மட்டும் முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கச் சொல், தண்ணீர் தேங்கக்கூடாது. என் ரசமட்டத்தைப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்துவிட்டேன். அம்மா இப்போதே மாங்காய் ஊறுகாய் போட்டு வெயிலில் வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா