கோல்ஃப் தண்டில் அச்சிட்ட எழுத்தை நம்பி மட்டை வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகக் கோல்ஃப் ஆட வருவோருக்கான குறிப்பு ஒன்று தங்கள் இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்தது. டிரைவரை (முதல் அடிக்கு எடுக்கும் நீளமான மட்டையை) வீசும் வேகத்துக்குப் பொருந்தும் நெகிழ்வு எழுத்து, அதாவது தண்டு எவ்வளவு வளையும் என்று காட்ட அதன் மேல் அச்சிடும் எழுத்து, எதுவென்று தெரிந்துகொண்டு, அதே எழுத்துள்ள தண்டுகளை மட்டைத் தொகுப்பு முழுவதற்கும் கேட்டு வாங்கினால் போதும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வீட்டை ஒட்டிய சிறு பட்டறையில் மட்டைகளுக்குப் பிடியும் தண்டும் மாற்றிக் கொடுப்பவன் நான். அந்த அறிவுரையின் முதல் பாதி அரைகுறையானது என்றும், இரண்டாம் பாதி வாசகரின் பணத்துக்குக் கேடு என்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்னும் எழுத்துகள், நன்கு வளைந்து கொடுக்கும் தண்டு தொடங்கி மிகவும் விறைப்பான தண்டு வரையிலான வரிசையைக் குறிக்கின்றன என்பது சரிதான். ஆனால் இவ்வளவு விறைப்புக்கு இந்த எழுத்து என்று எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொது அளவு எதுவும் இல்லை. விதிகளை வகுக்கும் ஆர் அண்டு ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும், தண்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே அளவில் வளைய வேண்டும் என்று கேட்கின்றனவே தவிர, எவ்வளவு வளைய வேண்டும் என்று சொல்வதில்லை. ஒரு கடையில் நமக்குத் தாராளமாக இருக்கும் நடுத்தர அளவுச் சட்டை இன்னொரு கடையில் தோளைப் பிடிப்பதைப் போல, ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் எஸ்ஸுக்குச் சமமாக இருப்பது இத்தொழிலில் அன்றாடம் காணும் செய்தி. ஒரே நிறுவனம் செய்யும் இரண்டு வகைத் தண்டுகளுக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு.

விறைப்பை அளக்க எளிய வழி இருக்கிறது. மட்டையின் பிடிப்பக்கத்தை இடுக்கியில் இறுக்கிவிட்டு, தலையைக் கீழ்நோக்கி இழுத்து விட்டால் அது மேலும் கீழும் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கருவி எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை அதிர்வு என்று காட்டும். எண் கூடினால் விறைப்பு கூடுதல் என்று பொருள். 45 அங்குல டிரைவரில் பொருத்திய ஆர் தண்டு பெரும்பாலும் 250ஐ ஒட்டி நிற்கும். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ பத்து அதிர்வுதான். தலையின் எடையும் இடுக்கி பிடிக்கும் நீளமும் மாறினால் இந்த எண்ணும் மாறிவிடும் என்பதால், ஒரே கருவியில் எடுத்த அளவுகளையே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒரு கடையில் எடுத்த அளவை வேறொரு கடையின் அளவோடு ஒப்பிட்டுச் சண்டைக்குப் போகக் கூடாது.

தொகுப்பு முழுவதற்கும் ஒரே எழுத்து என்ற அறிவுரை தவறுவது இங்கேதான். மட்டை குட்டையாகக் குட்டையாகத் தண்டின் விறைப்பு கூடியாக வேண்டும். நீளம் அரை அங்குலம் குறையும்போது ஏறத்தாழ நான்கு அதிர்வு கூடிக்கொண்டே வந்தால், டிரைவரிலிருந்து ஒன்பதாம் எண் அயர்ன் (எண் கூடக் கூட நீளம் குறையும் உலோகத்தலை மட்டை) வரை எல்லாம் ஒரே குணமுள்ளவையாகக் கைக்குத் தெரியும். டிரைவர் 250 காட்டினால், 38 அங்குலமுள்ள ஐந்தாம் எண் அயர்ன் 306ஐ ஒட்டி இருக்க வேண்டும். கிராஃபைட் தண்டுள்ள டிரைவரை ஒரு நிறுவனத்திடமும் எஃகுத் தண்டுள்ள அயர்ன்களை வேறொரு நிறுவனத்திடமும் வாங்கிவிட்டு, இரண்டிலும் ஆர் என்றே போட்டிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவரின் பையில் இந்தக் கணக்கு பொருந்துவது அரிது.

பழைய தொகுப்புகளில் நிலைமை இன்னும் மோசம். அண்மையில் என்னிடம் வந்த ஒரு தொகுப்பில் எல்லா அயர்ன்களிலும் ஒரே எழுத்துத்தான் இருந்தது. ஆனால் ஆறாம் எண் மட்டை மட்டும் பந்தை வலப்பக்கமே தள்ளுகிறது என்று அதன் உரிமையாளர் குறைப்பட்டுக்கொண்டார். கருவியில் வைத்துப் பார்த்தபோது, ஐந்தாம் எண் 304, ஏழாம் எண் 312 என்று வரிசை ஒழுங்காக இருக்க, இடையிலிருந்த ஆறாம் எண் 318 காட்டியது. எஃகுத் தண்டில் படிப்படியாக வளையங்கள் இருக்குமல்லவா, அதில் தலையின் கழுத்திலிருந்து முதல் படி வரையுள்ள தூரம் அக்கம்பக்கத்து மட்டைகளின் வரிசையோடு ஒத்துப்போகவில்லை. பிடியைக் கீறிக் கழற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. எப்போதோ தண்டு உடைந்தபோது யாரோ எட்டாம் எண் மட்டைக்குரிய தண்டைப் பொருத்தி, குறைந்த நீளத்தைப் பிடிப்பக்கத்தில் ஒட்டுத்துண்டு செருகிச் சரிக்கட்டியிருந்தார்கள். தண்டின் மேலிருந்த எழுத்தில் பொய் இல்லை. என்றாலும் மட்டை வரிசையில் சேரவில்லை.

எடையைப் பற்றித் தங்கள் குறிப்பு ஒரு சொல்லும் சொல்லவில்லை. டிரைவரின் கிராஃபைட் தண்டு 50 முதல் 70 கிராம் வரை இருக்கும். அயர்ன்களின் எஃகுத் தண்டு 95 முதல் 130 கிராம் வரை போகும். இடையில் வரும் ஃபேர்வே மட்டைக்கும் ஹைபிரிடுக்கும் தண்டின் எடை படிப்படியாக ஏறிக்கொண்டு வர வேண்டும். டிரைவரில் 55 கிராம், அடுத்து நேரே 120 கிராம் என்று தாவினால், நெகிழ்வு எவ்வளவு பொருந்தியிருந்தாலும் வீச்சின் தாளம் கெட்டுவிடும். என்னைக் கேட்டால், முதலில் எடையைத் தீர்மானித்துவிட்டுப் பிறகுதான் நெகிழ்வைப் பற்றியே பேச வேண்டும்.

அடுத்தது வீச்சின் வேகம். டிரைவரை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் வீசுவோருக்கு ஆர், 95 முதல் 105 மைல் வரை எஸ் என்னும் அட்டவணை தொடங்குவதற்கு உதவும். அதைத் தாண்டி உதவாது. ஒரே வேகமுள்ள இருவரில் ஒருவர் மேலே நிதானித்துக் கீழே இறக்குவார், மற்றவர் வெடுக்கென்று இழுப்பார். இரண்டாமவருக்குத்தான் விறைப்பு அதிகம் தேவைப்படும். இதில் வறட்டுக் கௌரவமும் வந்து சேர்ந்துகொள்கிறது. “தம்பி, எனக்கு எஸ்ஸே போடுங்க. ஆர் எல்லாம் கிழவங்களுக்கு” என்று எழுபதைத் தாண்டிய பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். தேவைக்கு மீறிய விறைப்பால் வலக்கை ஆட்டக்காரரின் பந்து பெரும்பாலும் தாழ்ந்து வலப்பக்கம் போகும். கையில் கட்டையைப் பிடித்தது போன்ற உணர்வே மிஞ்சும். நெகிழ்வு மிகுந்தால் பந்து உயர்ந்து இடப்பக்கம் சாயும். பந்து மட்டையைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே தண்டு செய்யும் வேலையெல்லாம் அதற்கு முன்பே, தலையை எந்த நிலையில் பந்திடம் கொண்டு வந்து சேர்க்கிறது என்பதில் முடிந்துவிடுகிறது.

டர்பனில் வீசும் கடற்காற்றைக் காரணம் காட்டி, பந்தைத் தாழ்வாக அடிக்க விறைப்பான தண்டு வேண்டும் என்று கேட்போரும் உண்டு. பந்தைச் சற்றுப் பின்னால் வைத்து, எண்ணில் ஒன்று குறைந்த, சற்று நீளமான மட்டையை எடுத்து நிதானமாக அடித்தால் தீரும் காரியம் அது. அதே போல, கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே உள்ள ஜோகன்னஸ்பர்க்கில் ஆடப் போகும்போது, காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். அங்கே மாற்ற வேண்டியது எடுக்கும் மட்டையின் எண்ணையே. வீசும் கை மாறவில்லை, தண்டு மட்டும் ஏன் மாற வேண்டும்?

பெரிய ஆட்டக்காரர்கள் என்ன வைத்திருக்கிறார்களோ அதையே நாமும் வாங்கலாம் என்ற எண்ணமும் நம்மவரிடையே உண்டு. எஃகே கோலோச்சிய காலத்தில், 1965இல், நம் தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் கண்ணாடியிழைத் தண்டுகளைக் கொண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியை வென்றார். அதே ஆண்டு டர்பனில் நடந்த நேட்டால் ஓப்பனில் அவரை முந்தி வென்றவர் பப்வா செவ்கோலம். வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்து, எல்லோருக்கும் நேர்மாறாக மட்டையைப் பிடித்தவர் அவர். இவ்விருவரில் யாருடைய பையைப் பார்த்து நாம் வாங்குவதாம்?

பந்தை உயரத் தூக்கிக் குறுகிய தூரம் அடிக்கும் வெட்ஜ்கள் தனிக் கதை. அவற்றில் பாதி வீச்சும் கால் வீச்சுமே அதிகம் என்பதால், அயர்ன் வரிசையின் விறைப்பை அப்படியே தொடராமல் சற்று இளக்கமாக விடுவதைப் பலர் விரும்புகின்றனர், அதில் தவறில்லை. முழு வீச்சில் அடிக்கும் பிட்சிங் வெட்ஜை மட்டும் அயர்ன் வரிசையோடு சேர்த்துவிடலாம்.

எனவே அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பையிலுள்ள மட்டைகளுள் நம்பிக்கையோடு கைபோகும் அயர்ன் எதுவோ அதை முதலில் அளந்து, அதன் எண்ணிலிருந்து மேலும் கீழும் கணக்கிட்டு மற்றவற்றைத் தேர்ந்தெடுக்கும்படி வாசகருக்குச் சொல்லலாம். முழுத் தொகுப்பையும் புதிதாக வாங்க வேண்டிய தேவை பலருக்கு இராது. ஓரிரு தண்டுகளை மாற்றினாலே போதும். பழைய மட்டைகளுக்கான விற்பனை விளம்பரங்களைத் தாங்கள் ஏற்கும்போது, தண்டின் பெயர், எடை, எந்த மட்டைக்கேனும் தண்டு மாற்றப்பட்டதா என்னும் மூன்று விவரங்களையும் விற்பவரிடம் கேட்டு வாங்கி விலையோடு சேர்த்து அச்சிட இயலுமா என்பதையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.