கேள்விகள் கேட்கப்பட்ட நீதிபதி

ஆசிரியருக்கு,

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ஸ்ரீ சீனிவாசன் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். மேலத்திருவேங்கடநாதபுரத்துக் குடும்பம் என்பதில் எங்கள் நெல்லைக்காரர்களுக்குப் பெருமைதான், சரி. ஆனால் அவர் அந்த நாற்காலிக்கு வந்த விதத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 2012 ஜூனில் ஒபாமா அவரை முன்மொழிந்தார். 2013 ஏப்ரலில் செனட்டின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) குழு அவரைப் பொதுவெளியில் உட்கார வைத்து, அரசுக்காகவும் நிறுவனங்களுக்காகவும் அவர் வாதாடிய வழக்குகளைப் பற்றிக் கேள்வி கேட்டது. மே மாதம் முழு செனட்டும் 97-0 என்று அவருக்கு ஆதரவாக வாக்களித்தது. எதிர்க்கட்சியும் சேர்ந்துதான். (2020-இல் தலைமை நீதிபதியானது பணிமூப்பினால், அதற்கு எவர் தயவும் வேண்டாம்.) அங்கேயும் கட்சி அரசியல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேள்வியும் பதிலும் யாரும் படிக்கும்படி பதிவில் இருக்கின்றன.

முப்பது ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். உயர் நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதி வருகிறார் என்றால், கோர்ட் வாசல் டீக்கடையில்தான் எங்களுக்கு விவரம் கிடைக்கும்: யாருடைய ஜூனியர், எந்த ஊர், எந்த சாதி. என்னென்ன வழக்கு நடத்தினார் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. செனட் விசாரணை மாதிரி இங்கே வேண்டாம். நீதிபதிகளைத் தேர்வு செய்யும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் ஒருவரைப் பரிந்துரைக்கும்போது, அவர் நடத்திய முக்கிய வழக்குகள் பத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் வெளியிட்டு, பெயர் உறுதியாகும் முன் ஒரு மாதம் கருத்துக் கேட்கலாம்.

ஒரு வாசகர்,
திருநெல்வேலி