நெல்லிக்காய் இருக்கிறது, அதனால் குடிக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியால் கெடும் கல்லீரலைப் பழங்கள் காக்கும் என்று போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்ததைப் படித்தேன். சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். சேலம் அஸ்தம்பட்டியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். மறுநாளே வாடிக்கையாக வரும் தறிக்காரர் ஒருவர், "அண்ணே, இனி லிவர் டானிக் வேணாம், நெல்லிக்காய் ஜூஸ் போதும்னு போட்டிருக்காங்க" என்றார். அவர் கண்ணில் மஞ்சள் தெரிந்தது, இரண்டு காலும் வீங்கியிருந்தது. இன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினேன்.

உள்ளே போகும் சாராயத்தைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. தினமும் குடிப்பவருக்கு இன்னொரு நொதியும் சேர்ந்து வேலை செய்ய, செல்களை அரிக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பெருகும், அவற்றை அடக்கக் கல்லீரல் வைத்திருக்கும் குளுட்டதையோன் தீர்ந்துகொண்டே போகும். நெல்லி, மாதுளை, திராட்சை இவற்றின் சத்தைக் கொடுத்த எலிகளுக்கு இந்தச் சேதம் குறைந்தது உண்மைதான். ஆனால் அங்கே கொடுத்தது பிரித்தெடுத்த சத்து, அதுவும் எடை பார்த்து அளந்து. டம்ளர் ஜூஸ் அல்ல. குடியால் கல்லீரல் அழற்சி முற்றியவர்களுக்கு பழச்சத்தைப் போலவே அந்த மூலக்கூறுகளை அடக்கும் வைட்டமின் ஈ போன்றவற்றைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் உயிர் பிழைத்தவர் எண்ணிக்கை கூடவில்லை. இதை ஏன் எழுதவில்லை?

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. ராத்திரி குடித்துவிட்டுக் காலையில் தலைவலி என்று பாராசிட்டமால் கேட்டு வருபவர்கள் எங்கள் கடைக்கு நிறைய. அந்த மாத்திரை உடம்பில் உண்டாக்கும் நச்சை முறிக்கவும் அதே குளுட்டதையோன்தான் வேண்டும், அது ஏற்கெனவே வற்றிப்போன ஆள் இஷ்டத்துக்கு இரண்டிரண்டாக விழுங்கினால் கல்லீரல் தாங்காது. பழத்துக்கு அரைப் பக்கம் கொடுத்த நீங்கள் இதற்கு இரண்டு வரி கொடுத்திருக்கலாம்.

ஏற்காட்டு ஆரஞ்சு, கொய்யா எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. சர்க்கரையை அள்ளிப் போட்ட ஜூஸ்தான் வேண்டாம், அதிகச் சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பாகச் சேரும். கொழுப்பு படிந்த நிலையோடு இருந்தால், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே அது கரைய ஆரம்பிக்கும். இதை எந்தப் பழமும் செய்து நான் பார்த்ததில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டது. அடுத்த இதழில் அதைப் போடுங்கள். அப்புறம், வருஷக்கணக்காகக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம், டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்பதையும், போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணையும் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டியெடுத்து என் கடை வாசலில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம்.